கழிப்பறைச் சாவி யார் கையில்?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கும்மிடிப்பூண்டி சிப்காட்டால் நம்ம பக்கம் வேலை வந்தது, ஆட்களும் வந்தார்கள். உள்ளூர்க்காரர், ஒடிசாக்காரர், பீகார்க்காரர் எல்லோருமே லைன் வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். காலை ஷிப்டு நேரத்தில் கக்கூஸ் வாசலில் நிற்கிற வரிசையை நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டட்டும் என்று பகலில் தண்ணீர்கூடக் குடிக்காத பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள்.

பொதுக் கழிப்பறை கேட்டு மனு கொடுக்கிறோம். சில இடத்தில் கட்டியும் தருகிறார்கள். கொஞ்ச நாளில் மோட்டார் ரிப்பேர், கதவு இல்லை, கடைசியில் பூட்டு தொங்குது. பார்த்துக்கொள்ள ஆள் வைக்கவில்லை, அதுதான் காரணம்.

திருச்சியில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிராமாலயா தொண்டு நிறுவனத்தின் முயற்சியால், குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகளை அங்குள்ள மகளிர் குழுக்களே ஏற்று நடத்தின. ஒரு தடவைக்கு 50 காசு. பெண்கள் முறை வைத்து வாசலில் உட்கார்ந்து காசு வாங்கினார்கள், கணக்கு எழுதினார்கள். பராமரிப்புச் செலவு எல்லாம் அந்தக் காசில்தான். 2002-இல் கல்மந்தை, திறந்தவெளியில் யாரும் மலம் கழிக்காத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அதுதான் முதல் என்கிறார்கள்.

50 காசுதானே என்று சிரிக்காதீங்க! ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு தடவை என்றாலே மாதம் 75 ரூபாய். அன்றைக்குக் கூலி வேலை செய்கிறவர்களுக்கு அது சின்னப் பணமா? உள்ளே சுத்தமாக இருந்ததால் கொடுத்தார்கள். அழுக்காக இருந்தால் கேட்கலாம், வாசலில் இருப்பது பக்கத்து வீட்டு அக்காதானே.

நாம் செய்தால் குழந்தைகளிடமும் வயதானவர்களிடமும் காசு வாங்கக் கூடாது என்பது என் கருத்து. ஒடிசா, பீகார்ப் பெண்களையும் பொறுப்பில் சேர்க்கணும். பாஷை தெரியாது என்று ஒதுக்கினால் அந்த வீடுகள் முள்ளுக்காட்டுக்குத்தான் போகும். இன்னொன்று, தொட்டி நிரம்பினால் லாரியைத்தான் கூப்பிடணும். ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அடுத்த மனுவில் கட்டடம் மட்டும் கேட்க வேண்டாம். சாவியும் நடத்தும் பொறுப்பும் குழுவுக்கு என்று தீர்மானம் போட்டுக் கேட்போம். கரண்டு பில், தண்ணீர் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்குவோம். அதற்கு முன்னால், உங்கள் லைனில் எத்தனை வீடு, எத்தனை கக்கூஸ், அதில் எத்தனைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்று எண்ணி, அடுத்த கூட்டத்துக்கு நோட்டில் எழுதிக்கொண்டு வாங்க.