நோகாத வெடிப்பு



மருத்துவ ஊழியத்தைத் தாங்கி வரும் உங்களோடு இன்று ஒரு சிறிய காரியத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். விரல்களில் தோல் உலர்ந்து, வெடித்து, உரிந்து போவதுதான் அது. காலில் வந்தால் பித்தவெடிப்பு என்கிறோம். கையில் வந்தால் அதற்கு ஒரு பெயர்கூட வைப்பதில்லை. இதற்கெல்லாம் ஒரு பேச்சா என்று நீங்கள் நினைக்கலாம். கையை நம்பியே பிழைக்கிறவர்களுக்கு இது சிறிய காரியமல்ல.

வேம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கிய முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களில் அதுவும் ஒன்று. முத்துக்குளிப்பு நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று அந்தக் கரையோர மக்களுக்குச் சோறு போடுவது வலையும், பனையும், உப்பளமும்தான். மூன்றுமே கையைப் பதம் பார்க்கிற வேலைகள். வலைக்கயிறு விரலை அறுக்கிறது. கருவாட்டுக்கு மீனைக் கீறி உப்பிடுகிற பெண்களின் விரல் நுனிகள் எப்போதும் ஊறி உரிந்தே இருக்கின்றன. இவற்றிலெல்லாம் கடுமையானது அளத்து வேலை. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு இருக்கிறது. பாத்தியில் உப்பு விளைகிற நேரத்தில் அந்த நீர் ஏழெட்டு மடங்கு காரமேறிவிடும். பகல் முழுவதும் அதற்குள் நிற்கிறவர்களின் கையும் காலும் என்ன ஆகும்?

நமது தோலின் மேலடுக்கில் இயற்கையாகவே ஓர் எண்ணெய்ப் பசை உண்டு. உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே போகாமல் காப்பது அதுதான். உப்புநீரும், சோப்பும், வெயிலும் அந்தப் பசையை எடுத்துவிடுகின்றன. ஈரம் போன தோல் தடித்து, வளையும் தன்மையை இழக்கிறது. விரலை மடக்கியதும் கோடு விட்டு வெடிக்கிறது. அந்த வெடிப்பு, கிருமிகளுக்குத் திறந்து வைத்த வாசல்.

இதற்கான வைத்தியம் எளியது. வேலை முடிந்ததும் கையை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, ஒரு பாத்திரம் தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வைக்க வேண்டும். குடிதண்ணீரைக் குடத்துக் கணக்கில் விலைக்கு வாங்குகிற ஊர்களிலும், இந்த ஒரு பாத்திரத் தண்ணீரைச் செலவென்று எண்ணக்கூடாது. ஊறித் தடித்த தோலை வழவழப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்துவிடலாம். பிளேடால் சீவவே கூடாது. பிறகு கையைத் துடைக்காமல், ஈரத்தின் மேலேயே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். எண்ணெய் ஈரத்தைத் தருவதில்லை. இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கிறது. ஆகவேதான் காய்ந்த கையில் தடவும் எண்ணெய் அவ்வளவாகப் பலிப்பதில்லை. அரிப்பும் நீர்க்கசிவும் இருந்தால், அல்லது விரலிடுக்கில் மட்டும் உரிந்தால், அது கரப்பானாகவோ பூஞ்சையாகவோ இருக்கலாம். அப்போது கைவைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் வர வேண்டும்.

இனிச் சொல்லப்போவதை விசேஷமாகக் கவனியுங்கள். நோகிற வெடிப்புக்கு ஒரு நன்மை உண்டு. நோவதால் நாம் அதைக் கவனிக்கிறோம், துணி சுற்றுகிறோம், மறு கையால் வேலை செய்கிறோம். நோகாத வெடிப்பு அப்படியல்ல. விரல் மரத்து, வேர்வை நின்று, தோல் வறண்டு வெடித்தும் வலியில்லையென்றால், தொழுநோயாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். அந்நோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. உணர்ச்சிக்கான நரம்பு கெட்டால் வலி தெரியாது. வேர்வைக்கான நரம்பு கெட்டால் தோல் நிலம் வெடிப்பதுபோல் வெடிக்கும். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் அல்லது செந்நிறத் தேமல் உடம்பில் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

இந்த உண்மையை உலகத்துக்கு உணர்த்தியவர்களில் ஒருவர், நமது கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபோது, தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் பலரும் நம்பினார்கள். அவர் நோயாளிகளின் கைகளைப் பொறுமையாக ஆராய்ந்தார். சுடுபாத்திரம், கூரான கருவி, கவனிக்காத வெடிப்பு, உறங்கும்போது எலி கடித்த காயம் ஆகியவையே விரல்களைக் குறைத்தன. வலியில்லாததால் அவர்கள் புண்ணான கையாலேயே வேலை செய்தார்கள்; கிருமி எலும்புவரை இறங்கியது. காத்தால் விரல்கள் நிலைக்கும் என்பதை அவர் காட்டினார்.

இன்று தொழுநோய்க்கு முழுமையான மருந்து உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்த கூட்டு மருந்தை, நோயின் தன்மைக்கேற்ப ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி, முற்றிலும் கெட்டுப்போன நரம்பைத் திரும்பத் தராது. குணமான பிறகும் அந்தக் கை மரத்தும் வறண்டுமே இருக்கும். ஆகவே மருந்துக்கு ஒரு வருஷம். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் ஆயுசு முழுவதும். அவர்கள் சூடான தண்ணீரில் கையை வைக்கக்கூடாது, சுடுவது தெரியாது. வலி சொல்லவேண்டியதைக் கண்தான் சொல்ல வேண்டும். தினமும் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கண் மங்கியவர்களுக்கு வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்பானவர்களே, அறுவை சிகிச்சைக்குக் காணிக்கை தர அநேகர் முன்வருகிறார்கள், அது நல்லது. ஒரு புட்டி எண்ணெய்க்கும், ஒரு ஜோடி கையுறைக்கும், வீடு தேடிப்போய்க் கையைப் பார்த்துவரும் ஊழியருடைய பேருந்துக் கட்டணத்துக்கும் கொடுப்பது அதற்குக் குறைந்ததல்ல. அறுவை சிகிச்சை வேண்டியிராமலே ஒரு விரலைக் காப்பது இதுதான்.

பணமின்றியும் ஒன்று செய்யலாம். உங்கள் சபையிலோ, தெருவிலோ, அளத்திலோ ஒருவர் வெடித்த கையை மறைத்துக்கொள்வதைக் கண்டால், ஒதுங்கிப் போகாதீர்கள். அருகே போய், “நோகுதா?” என்று கேளுங்கள். நோகிறது என்றால் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். நோகவில்லை என்றால், நாளைக்கென்று வைக்காமல் அவரை அழைத்து வாருங்கள்.