போர்டுல என் பேரு

நான் சோலூர்ல இருந்து பேசறேன். நீலகிரியில, ஊட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர். அம்மா தேயிலை பறிக்கிறவங்க. நான் மலையில ஒரு காலேஜ்ல லேப் அசிஸ்டென்ட், ஒப்பந்த வேலை. காலேஜ் பேர் வேண்டாம். ஏன்னு கேட்டா உங்களுக்கே புரியும்.

ஒருநாள் மதியம் லேப்ல டெஸ்ட் ட்யூப் கழுவிட்டு இருந்தேன். துப்புரவு வேலை பார்க்கிற அக்கா ஒருத்தங்க வந்து நின்னாங்க. “கண்ணு, ஆபீஸ் பக்கத்துல போர்டுல இருக்கிறது உன் பேருதானே?” எனக்கு ஒண்ணும் புரியல. “எந்த போர்டுக்கா?” அவங்க என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. “ஒண்ணுமில்ல, விடு கண்ணு”ன்னு பக்கெட்டை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். உள்ளகப் புகார் குழு, அதாவது ஐசிசி. கிரிக்கெட் ஐசிசி இல்ல. வேலை இடத்துல பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொந்தரவை விசாரிக்கிற குழு. அலுவலர் பிரதிநிதி இரண்டு பேர்ல இரண்டாவது பேரு என்னோடது. யாரும் என்கிட்ட சொல்லல. ஏதோ ஆய்வுக்காக அவசரமா நிரப்பின பட்டியல்.

மறுநாள் அந்த அக்காவைத் தேடினேன். வேற இடத்துக்கு மாத்திட்டாங்கன்னு சூப்பர்வைசர் சொன்னார். அவங்க என்ன சொல்ல வந்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். 2013-ல வந்த சட்டம், காலேஜுக்குன்னு யு.ஜி.சி. கொண்டுவந்த 2015 விதிமுறைகள், இரண்டையும். பல விஷயம் எனக்குப் புதுசு. தலைவரா மூத்த பேராசிரியை ஒருத்தர் இருக்கணும். ஆசிரியர் இரண்டு பேர், ஆசிரியர் அல்லாத ஊழியர் இரண்டு பேர், வெளியில இருந்து ஒருத்தர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார்னா, தேர்தல் வழியா வந்த மாணவர் மூணு பேர். மொத்தத்துல பாதிக்குக் குறையாம பெண்கள். துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் மாதிரி பெரிய பதவியில இருக்கிறவங்க உறுப்பினரா இருக்கக் கூடாது. விசாரணை சுதந்திரமா நடக்கணும்னுதான் அந்த ஏற்பாடு.

கான்ட்ராக்டர் மூலமா வர்ற ஊழியருக்கும் இந்தச் சட்டம் உண்டு. அந்த அக்காவுக்கும் உண்டு, எனக்கும் உண்டு, எஸ்டேட்ல எங்க அம்மாவுக்கும் உண்டு. காலேஜ் ஏற்பாடு பண்ற பஸ்ஸும் வேலை இடம்தான்.

என்னை ரொம்ப உறுத்தினது ஒரு வரி. சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல புகார் கொடுக்கணும்; காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவங்களுக்கு எழுதித் தர உதவ வேண்டியது குழு உறுப்பினரோட கடமை. அப்போ அது என் வேலை. நான் “எந்த போர்டு”ன்னு கேட்டுட்டு நின்னேன்.

குழு சரியா இயங்கலேன்னா என்ன ஆகும்? கோவா பல்கலைக்கழக வழக்கு ஒண்ணு இருக்கு. 2009-ல ஒரு துறைத்தலைவர் மேல மாணவிகள் புகார் கொடுத்தாங்க. குழு விசாரிச்சது, அவரைப் பணிநீக்கம் பண்ணாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2023 மே மாசம் தீர்ப்பு. குழு அவசர அவசரமா விசாரிச்சிருக்கு, அவர் தரப்பைச் சொல்லப் போதுமான வாய்ப்பு தரலன்னு பணிநீக்கத்தை ரத்து பண்ணி, திரும்பவும் குழுவுக்கே அனுப்பினாங்க. 14 வருஷம் கழிச்சு மறுபடியும் விசாரணை! புகார் கொடுத்தவங்களுக்கும் நியாயம் கிடைக்கல, புகாருக்கு ஆளானவருக்கும் முடிவு கிடைக்கல. அதே தீர்ப்புலதான், சட்டம் வந்து 10 வருஷம் ஆகியும் அமலாக்கத்துல பெரிய ஓட்டை இருக்குன்னும், குழு விவரத்தைத் தொலைபேசி எண்ணோட இணையதளத்துல போடணும்னும் சொன்னாங்க.

எங்க காலேஜ்ல என்ன மாறியிருக்கு? நானும் ஒரு மேடமும் முதல்வர்கிட்ட போய்ப் பேசினோம். இப்போ உறுப்பினர் பேரும் போன் நம்பரும் பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு உள்பக்கம் தமிழ்ல ஒட்டியிருக்கு. ஆபீஸ் வாசல்ல நின்னு போர்டைப் படிச்சா நாலு பேர் பார்ப்பாங்க. அங்க யாரும் பார்க்க மாட்டாங்க. கூட்டத்தை மதியத்துக்கு மாத்தினோம், சாயங்காலம்னா நான் சோலூர் பஸ்ஸை விட்டுடுவேன். துப்புரவு, கேன்டீன் ஊழியருக்குத் தனியா ஒரு கூட்டம் போட்டோம். முதல் தடவை யாரும் வாயே திறக்கல. இரண்டாவது தடவை ஒருத்தங்க கேட்டாங்க, “சொன்னா எங்க வேலை போயிடாதா?”

போகாதுன்னு உறுதியா என்னால சொல்ல முடியல. என் வேலையே வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலைதான். ஒப்பந்த ஊழியரைக் குழுவுல போட்டா மட்டும் பத்தாது. குழுவுல பேசினதுக்காக அவங்க ஒப்பந்தம் நிக்காதுங்கிற உத்தரவாதமும் வேணும். முதல்வர்கிட்ட அதை எழுத்துல கேட்டிருக்கோம். பதில் இன்னும் வரல.

கேட்டுட்டு இருக்கிற நீங்க ஐ.டி. கம்பெனியிலயோ காலேஜ்லயோ இருக்கலாம். நாளைக்கு உங்க இடத்துல அந்த போர்டு எங்க இருக்குன்னு தேடுங்க. அதுல இருக்கிற ஒருத்தரைப் பார்த்து, “இது உங்க பேருதானே?”ன்னு கேளுங்க. அவங்க முழிச்சாங்கன்னா, படிக்க வேண்டியதை எடுத்துச் சொல்லுங்க. என்கிட்ட யாராவது முன்னாடியே கேட்டிருந்தா, அன்னைக்கு அந்த அக்காவுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லியிருப்பேன்.