மோசே ஆறு நாள் காத்திருந்தார்

(தவக்காலம் இரண்டாம் ஞாயிறு வானொலி மறையுரை)



இன்றைய நற்செய்தியில் இயேசு பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரையும் உயர்ந்த மலை ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறார். எனவே மலை ஏறுவதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

போன மாதம் பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் தன் தாயோடு என்னைப் பார்க்க வந்தான். சென்னையில் கணினி வேலை. சேமித்த பணத்தில் மூன்று நண்பர்களோடு தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டுக்குப் போகிறான். இன்கா அரசர்கள் சுமார் 1450ஆம் ஆண்டளவில் மலைமேல் கட்டிய மச்சு பிச்சு நகரின் இடிபாடுகளை நடந்தே போய்ப் பார்க்க வேண்டுமாம். நான்கு நாள் நடை. ஏறக்குறைய 43 கிலோமீட்டர்.

"சாமி, இங்க இல்லாத மலையா? நீங்களாவது சொல்லுங்க" என்றார் தாய். மகன் சிரித்தான். "ஆறு மாசமா தினமும் மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுறேன் ஃபாதர். உடம்பு நல்லா இருக்கு. நீங்க ஆசீர்வாதம் மட்டும் பண்ணுங்க."

நான் அவனை ஒரு கேள்வி கேட்டேன்: "மேலே போனதும் உனக்குத் தலைவலி வந்தால் நண்பர்களிடம் சொல்வாயா?"

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க பயணமும் கெட்டுப் போயிடுமே ஃபாதர்" என்றான்.

இந்தப் பதில் எனக்கு அச்சத்தைத் தந்தது. ஏனெனில் இதே பதிலை நானும் ஒருமுறை எனக்குள் சொல்லிக்கொண்டவன். பல ஆண்டுகளுக்கு முன் குருக்கள் சிலரோடு லடாக்கிலுள்ள லே நகருக்கு விமானத்தில் போனேன். அது 3,500 மீட்டர் உயரம். இரண்டு நாள் ஓய்வெடுங்கள் என்று அங்குள்ளோர் சொன்னார்கள். மறுநாளே ஜீப்பில் ஏறி இன்னும் உயரமான கணவாய்க்குக் கிளம்பிவிட்டோம். காலையிலிருந்தே எனக்குத் தலை வெடித்தது. வெட்கத்தால் வாய் திறக்கவில்லை. அன்று இரவு வாந்தி எடுத்து, மூச்சுத் திணறி, மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்துத்தான் பிழைத்தேன். "காலையிலேயே சொல்லியிருக்கலாமே" என்று உடன் வந்த குருவானவர் கண் கலங்கக் கேட்டார்.

அன்புக்குரியவர்களே, நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை. நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். பெருவின் குஸ்கோ நகரம் 3,400 மீட்டர். அந்த நடைபாதையின் உச்சிக் கணவாய் 4,215 மீட்டர். குஸ்கோவில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் இங்கே கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். அதற்கு உடல் பழக நாட்கள் வேண்டும். மாடிப்படி ஏறிக் கால்களைப் பலப்படுத்தலாம். ஆனால் அந்த நாட்களைக் குறைக்க முடியாது. நல்ல பலசாலிக்கும் மலைநோய் வரும். எனவே மருத்துவர்கள் சொல்வது இதுதான்: 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவில் தூங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வெடு, தலைவலியோடு மேலே ஏறாதே, நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழம்பினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்கு.

இதை நம் திருச்சபையின் மறைப்பணியாளர்களும் பட்டுத்தான் அறிந்தார்கள். இயேசு சபைக் குரு யோசே தெ அகோஸ்தா பெரு நாட்டில் பணியாற்றியவர். பரியகாகா மலையைக் கடக்கும்போது, முன்னெச்சரிக்கையோடு போயும், வாந்தியால் உயிரே போய்விடும் போல் துடித்ததை 1590இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். அங்கே சாகப்போவதாக எண்ணிச் சிலர் பாவசங்கீர்த்தனம் கேட்டார்களாம். கீழே இறங்கிய சில மணி நேரத்தில் எல்லாம் சரியாயிற்று. அங்குள்ள காற்று மனிதர் மூச்சுக்குப் போதாத அளவு மெலிந்தது என்று அவர் அன்றே கணித்தார்.

நம் நாட்டிலிருந்து போன அந்தோனியோ தெ அந்திராதே அடிகளாரையும் நினைத்துப் பாருங்கள். 1624 மார்ச்சில் ஆக்ராவிலிருந்து புறப்பட்டு, பத்ரிநாத் செல்லும் பயணிகளோடு நடந்து, 5,600 மீட்டர் உயர மானா கணவாயை நெருங்கினார். பனியில் முன்னேற முடியவில்லை. திரும்பினார். பனி உருகும்வரை காத்திருந்து மறுபடி ஏறினார். ஆகஸ்டில் திபெத்தின் சாப்பராங் நகரை அடைந்தார். 1626 உயிர்ப்புப் பெருவிழாவன்று அங்கே கோவிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று அந்த நகரமும் இடிபாடுகள்தான். முதல் முறையிலேயே பிடிவாதமாக ஏறியிருந்தால் அவர் அந்த நகரைக் கண்டிருக்கவே மாட்டார்.

விவிலியமும் இதையே கற்பிக்கிறது. மோசே சீனாய் மலைமேல் ஏறினார். மேகம் ஆறு நாள் மலையை மூடியிருந்தது. ஏழாம் நாளில்தான் கடவுள் அவரை அழைத்தார். ஆறு நாள் காத்திருப்பு! சாவை வேண்டிச் சூரைச்செடியின் அடியில் படுத்த எலியாவைக் கடவுள் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார், அப்பம் தந்தார், மறுபடி தூங்க விட்டார், மறுபடி அப்பம் தந்தார். அதன் பிறகே ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடை. தன் இயலாமையை எலியா மறைக்காமல் சொன்னதால் அப்பம் கிடைத்தது.

நெசவு செய்கிற உங்களுக்கு இது புதிதல்ல. பாவை நீட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளைப் பிணைத்த பிறகுதானே தறியில் உட்காருகிறீர்கள்? கோர்வைச் சேலைக்குக் கரை நாடாவைத் தள்ளித் தரப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டுமல்லவா? ஆனால் வாழ்க்கையில் அதை மறந்துவிடுகிறோம். திருநீற்றுப் புதனன்று ஒரேயடியாக எல்லா ஒறுத்தலையும் தொடங்கி மூன்றாம் வாரத்தில் கைவிடுகிறோம். கடன் கழுத்தை நெரிக்கும்போதும் மனைவியிடம் சொல்வதில்லை. மகள் தேர்வில் தோற்றதை வீட்டில் சொல்லாமல் தனியே அழுகிறாள். குடியை விட முடியாதவர் வெட்கப்பட்டுக் கோவிலுக்கே வருவதில்லை. எல்லோரும் தலைவலியை மறைத்துக்கொண்டு மேலே ஏறுகிறோம்.

இந்தத் தவக்காலத்தில் நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் தலைவலியை ஒருவரிடமாவது சொல்லுங்கள். அவர் உங்கள் வீட்டாராகவோ நண்பராகவோ பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருக்கும் குருவாகவோ இருக்கலாம். யாராவது உங்களிடம் சொன்னால், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்காமல், அவரோடு சேர்ந்து கீழே இறங்குங்கள்.

அந்தப் பிள்ளை போன வாரம் மறுபடி வந்தான். பயணத்தில் கூடுதலாக மூன்று நாள் சேர்த்திருக்கிறார்களாம். மருத்துவரையும் பார்த்துவிட்டான். தினமும் காலையில் நால்வரும் உடல்நிலையை உள்ளபடி சொல்வது, ஒருவர் இறங்க நேர்ந்தால் இன்னொருவர் கூடவே இறங்குவது என்று பேசி வைத்திருக்கிறார்கள். அப்போதுதான் அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தேன். அவன் தாயும் முகம் மலர்ந்தார்.

செபிப்போம்: மலைமீது உம் மாட்சியைக் காட்டி, சீடரோடு கீழே இறங்கி வந்த ஆண்டவரே, காத்திருக்கும் பொறுமையையும் எங்கள் வலுவின்மையை மறைக்காத மனத்தையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.