இளையோரும் பெருங்குடற் புற்றுநோயும்

பெருங்குடற் புற்றுநோய் முதியோரின் நோய் என்பது நெடுநாளைய எண்ணம். ஆகையால் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் மலத்தில் குருதி கண்டால், மூலம் என்று எண்ணி மாதங்களைக் கழித்துவிடுகிறார். இளையோரிடம் இந்நோய் முற்றிய பின் கண்டறியப்படுவதற்கு அது ஒரு காரணம்.

'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்று நம்மவர் சொல்வதுண்டு. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியுமுன் டி.என்.ஏ. என்னும் தன் ஏட்டைப் படியெடுக்கிறது. ஏறத்தாழ அறுநூறு கோடி எழுத்துக்கள்! பிழை நேராதிருக்குமா? நேர்ந்த பிழையைக் கண்டு திருத்தவே சில புரதங்கள் உள்ளன. அவற்றை ஆக்கும் மரபணு பழுதுற்றுப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருமாயின், இளமையிலேயே புற்று தோன்றக்கூடும்.

1895-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில், தையல் வேலை செய்துவந்த அம்மையார் ஒருவர், தம் குடும்பத்தார் பலரைப் போலத் தாமும் புற்றுநோயால் மடியப்போவதாக ஆல்டிரெட் வார்த்தின் என்னும் அறிஞரிடம் கூறினார். அவ்வாறே கருப்பைப் புற்றால் மாண்டார். வார்த்தின் அக்குடும்பத்தின் வரலாற்றை 1913-இல் வெளியிட்டார். பின்னர் ஹென்றி லிஞ்ச் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்தமையால், இக்குறைபாடு அவர் பெயரால் வழங்குகிறது. எனினும், பழுதுற்ற மரபணுக்கள் புலப்பட்டவை 1993-இலும் 1994-இலும்தாம்.

இதில் ஒரு விந்தை உண்டு. திருத்துவோரில்லாத கட்டியில் பிழைகள் மலிந்து, புதுமையான புரதங்கள் பல உண்டாகின்றன. உடலின் காவற்படை அவற்றை அயலார் என்று அடையாளம் காண்கிறது. அப்படையின் தளையை அவிழ்க்கும் மருந்தை, இவ்வகை மலக்குடற் புற்றுடைய பன்னிருவருக்கு நியூயார்க் மருத்துவர்கள் கொடுத்தனர். அறுவையோ கதிர்வீச்சோ இன்றிப் பன்னிருவரிடமும் கட்டி கண்ணுக்குத் தென்படாமல் மறைந்தது என்று 2022-இல் அறிவித்தனர்.

ஆனால், ஐம்பது வயதுக்கு உட்பட்டோரிடம் காணும் பெருங்குடற் புற்றுக்களுள் பெரும்பாலானவை மரபுவழி வந்தவை அல்ல. அவற்றின் காரணம்தான் என்ன? 11 நாடுகளில் 981 கட்டிகளின் டி.என்.ஏ.யை ஆராய்ந்தோர் 2025-இல் ஒரு தடயத்தைக் கண்டனர். குடலில் வாழும் ஈ.கோலி நுண்ணுயிர்களுள் சில, கோலிபாக்டின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றன. அதன் வடு எழுபதைக் கடந்தோரைவிட நாற்பதுக்கு உட்பட்டோரின் கட்டிகளில் 3.3 மடங்கு மிகுதி. குழந்தைப் பருவத்திலேயே அவ்வடு பதிந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். ஊகமே, வடுவைக் கண்டதாலேயே குற்றம் மெய்ப்பட்டதாகாது.

கட்டியை அறுத்தெடுக்கும்போது திருத்தப் புரதங்கள் நான்கும் அதில் உள்ளனவா என்று சோதிப்பது இன்று வழக்கமாகி வருகிறது. மரபுப் பழுதே என்று உறுதிப்பட்டால், நோயாளியின் உடன்பிறந்தாருக்கும் மரபணுச் சோதனை செய்கின்றனர். அப்பழுதைத் தாங்கியவரின் குடலை, பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயது முதற்கொண்டே, ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உள்நோக்கிக் கருவியால் பார்த்து, புற்றாக மாறுமுன் சிறு முளைகளை அகற்றிவிடுகின்றனர்.