கோடை விடுமுறையும் குடும்பக் கல்வியும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோடை விடுமுறையைக் குடும்பத்தார் எங்ஙனம் கழித்தல் வேண்டும் என்பதே இன்று எமக்குக் குறிக்கப்பட்ட பொருள். இது சிறுபொருள் என்று சிலர் கருதலாம். பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளை பன்னிரண்டு கோடைகளைக் கடந்து வருகின்றது. ஒவ்வொன்றும் 40 நாளென வைத்துக்கொள்ளினும் 480 நாட்கள் ஆகின்றன. ஓராண்டுக்கும் மேற்பட்ட இக்காலத்தைப் பெற்றோர் கையில் ஒப்படைத்துவிட்டே பள்ளிக்கூடம் கதவடைக்கின்றது. அதனை நாம் என் செய்கின்றோம்?

நம்மவருள் ஒரு சாரார் மறுநாளே பிள்ளையைத் தனிப்பயிற்சி வகுப்பிற் சேர்த்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் கைப்பேசியைக் கையிற் கொடுத்துவிட்டு அமைதியடைகின்றனர். முன்னவர் பிள்ளையை இளைப்பாற விடுகிலர். பின்னவர் விழித்திருக்க விடுகிலர். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழியுண்டு. அது பெற்றோரும் மக்களும் கூடி வெளியே உலாவுதலும், கூடி வீட்டில் உழைத்தலும் ஆகும்.

முதற்கண் உலாவைக் கூறுவாம். உலா என்றவுடன் உதகையும் கோடைக்கானலுமே நம்மவர் நினைவிற்கு வருகின்றன. அங்கே நெரிசல் மிகுந்தமையின், 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல், உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி வண்டிகளுக்கு இ-பாஸ் முறையே ஏற்படுத்தப்பட்டது. பொருளுடையார் செல்க, யாம் தடுக்கவில்லை. பொருளில்லாதார் வருந்தவும் வேண்டுவதில்லை. இம்மதுரையைச் சுற்றி, பேருந்துச் செலவோடு முடியும் இடங்கள் பல உள.

கீழக்குயில்குடிச் சமணமலையை நோக்குமின். அடிவாரத்தில் ஐயனார் கோயிலும் தாமரைக் குளமும். மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் உருவங்கள். அவற்றின் கீழ் வட்டெழுத்துக்கள். வடகிழக்கே மாங்குளத்து மலைக்குகையில் நெடுஞ்செழியன் பெயர் தாங்கிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உளது. அதற்கு அணித்தாய அரிட்டாபட்டி, 2022-இல் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. கீழடியிலோ 2023-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே உறைகிணறும், 'ஆதன்' என்னும் பெயர் கீறிய பானையோடும் காணலாம்.

அப்பானையோட்டின் முன் சிறிது நிற்றல் நன்று. தன் கலத்தில் தன் பெயரைக் கீறத் தெரிந்த அவ்வாதன் எந்தக் குலத்தான் என்று எவரும் அறியார். அவனை நம்மவன் என்றே எல்லோரும் பெருமை கொள்கின்றோம். ஆதலின், குலத்தின் பெயரால் கூடிய சங்கத்தில் நின்றுகொண்டே யாம் ஒன்று வேண்டுகின்றோம்: உலாச் செல்லும்போது, அடுத்த வீட்டுப் பிள்ளை எக்குலத்ததாயினும் அதனையும் அழைத்துச் செல்லுங்கள். மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குச் செல்லின், 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் வரை தாழ்த்தப்பட்டோர் அவ்வாயிலுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதையும் ஒளியாது சொல்லுங்கள். கோபுரத்தின் உயரத்தை மட்டும் அறிந்த பிள்ளை பாதி வரலாறே அறிந்ததாகும்.

அக்கினி நட்சத்திர வெயிலில் உச்சிப்பொழுது உலாவுதல் கூடாது. விடியலிற் புறப்பட்டுப் பத்து மணிக்குள் நிழலடைதல் வேண்டும். கட்டுச்சோறும் நீர்மோரும் போதும். ஆனால் அக்கட்டுச்சோற்றை யார் கட்டுவது? வீட்டார் அனைவரும் உறங்க, அன்னை மட்டும் மூன்று மணிக்கெழுந்து புளியோதரை கிளறுவாளாயின் அவளுக்கு அது விடுமுறையன்று, மிகுவேலையே. முதல்நாள் இரவே ஆண்மக்கள் புளி கரைக்கட்டும். மீண்டபின் பாத்திரம் துலக்கட்டும்.

மற்றொன்று உயிர்நிலையாய செய்தி. கோடைதோறும் பாட்டியின் ஊருக்குச் சென்ற பிள்ளைகள் கிணற்றிலும் கண்மாயிலும் கல்குவாரிப் பள்ளத்திலும் மூழ்கி இறந்த செய்தியை நாளிதழ்களிற் படிக்கின்றோம். 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் மக்கள் நீரில் மூழ்கி மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் அறிவித்தது. நம் பாட்டன்மார் சுரைக்குடுக்கையை முதுகிற் கட்டிப் பிள்ளைகளை நீரில் இறக்கினர். நாமோ 'தண்ணீர்ப் பக்கம் போகாதே' என்று அச்சுறுத்துவதோடு நின்றுவிட்டோம். அச்சம் நீந்தக் கற்பிக்காது. நன்கு நீந்த வல்லார் ஒருவர் உடனிருக்க, ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி ஒவ்வொரு பிள்ளைக்கும் நீச்சல் பழக்குக. ஒருவன் தத்தளித்தால் மற்றொருவன் குதித்தலாகாது. கயிறோ சேலையோ கழியோ எறிந்து, கூவிப் பெரியோரை அழைத்தலே முறை என்பதையும் பலகாற் சொல்லுக.

இனி வீட்டுவேலை. பள்ளி நடக்குங்காலத்தும் சனியும் ஞாயிறும் இதற்குரியன. மிதிவண்டிச் சக்கரத்திற்கு ஒட்டுப் போடுதல், கிழிந்த புத்தகத்தைத் தைத்தல், பொத்தான் தைத்தல், சமையற்கழிவை உரமாக்கித் தொட்டியிற் கத்தரியும் மிளகாயும் வளர்த்தல், மழைநீர் சேமிப்புக் குழியைத் தூர்வாருதல் ஆகிய இவையெல்லாம் பத்து வயதுப் பிள்ளையும் உடனிருந்து செய்யத்தக்கன. நம் மாநிலத்தில் 2003-இல் வீடுதோறும் மழைநீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டு அமைத்த குழிகளுள் எத்தனை இன்று மண்மூடிக் கிடக்கின்றன என்பதை அவரவர் வீட்டிற் சென்று காண்க.

இவற்றினும் சிறந்த வேலை ஒன்றுண்டு. பரண்மீது ஒரு பழைய பெட்டி இருக்கும். அதனுள் பாட்டனார் கடிதங்களும், பத்திரங்களும், சிலர் வீட்டில் ஓலைச்சுவடியும் இருக்கும். ஏடுகள் ஆற்றுநீருக்கும் ஓமத்தீக்கும் இரையான செய்தியை உ. வே. சாமிநாதையர் (1855–1942) வருந்தி எழுதியுள்ளார். அவ்வழிவு இன்று கறையானாலும் பழைய காகிதக் கடையாலும் நடைபெறுகின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை இறக்குமின். தூசியை மெல்லிய தூரிகையால் துடைத்து, நிழலிற் காற்றாட வைத்து, தூய பருத்தித் துணியிற் பொதிமின். நிழற்படத்தின் பின்புறம் மையால் எழுதாது, மெல்லிய பென்சிலால் பெயரும் ஊரும் குறிமின். கைப்பேசியைப் பழிப்பதனினும் அதனாலேயே ஒவ்வோர் ஏட்டையும் படமெடுக்கப் பிள்ளைக்குக் கற்பித்தல் நன்று. படிக்கவியலாத சுவடியைச் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தார்க்கோ, 1943-இல் நிறுவப்பெற்ற உ. வே. சா. நூல்நிலையத்தார்க்கோ காட்டுக. பெட்டியிலுள்ள முகங்களின் பெயரறிந்த பாட்டி இன்று உளள்; அவள் சொல்லை இக்கோடையிலேயே எழுதிக்கொள்ளுதல் அறிவுடைமை.

நிறைவாகச் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள். உறுப்பினர் குடும்பங்களுள் எளியோர் பிள்ளைகளும் வரும்படி, கோடையில் ஒருநாளேனும் சங்கச் செலவில் வண்டி அமர்த்துக. நீச்சல் பழக்க வல்லாரைத் தேடி ஏற்பாடு செய்க. ஆடி மாதக் கூட்டத்திற் பிள்ளைகள் தம் கைவேலையையும், பரணிற் கண்ட பழம்பொருள்களையும் காட்சிக்கு வைக்க இடந்தருக. மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளிக்கும் இம்மேடையில், அறுந்த புத்தகத்தைத் தைத்த சிறுமியும் ஒருநாள் நிற்கட்டும்.

 நம் மக்கள் உடல் நலமும் உளநலமும் பெற்று நீடு வாழ்க!