படத்தில சிரிக்கிற பிள்ளை
(பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக விசா, சொலிசிற்றர் எண்டுதான் இங்க கதைக்கிறனாங்கள். இண்டைக்குப் பதின்ம வயதுப் பிள்ளையளையும் அவையின்ர போனையும் பற்றிக் கதைக்கப் போறன்.

பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்த ஒரு தாய் என்னட்டை வந்தா. ஹோட்டலில ஒரே அறை, நாலு பேர். பதினைஞ்சு வயது மகளின்ர இன்ஸ்ரகிராமைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறா. பிள்ளை கடைத்தெருவிலயும் சிநேகிதி வீட்டுச் சோபாவிலயும் சிரிச்சுக்கொண்டிருக்குது. முகத்தை வெள்ளையாக்கி, பேரையும் சுருக்கிப் போட்டிருக்குது. "என்ர பிள்ளை பொய் சொல்லப் பழகீட்டுது" எண்டு தாய் அழுதா.

எனக்கு அது பொய்யாகத் தெரியேல்லை. நாங்களும் ஊரில ஸ்ரூடியோக்காரன்ர கோட்டைப் போட்டுக்கொண்டு படம் எடுத்தனாங்கள் தானே. இண்டைக்கும் ஊருக்குப் போன் எடுத்தால் "நல்லா இருக்கிறம்" எண்டுதான் சொல்லுறம். ஹோட்டல் அறைக் கதையை ஆர் சொல்லுறம்?

வித்தியாசம் என்னெண்டால், எங்கட படம் அல்பத்தில கிடந்தது. பிள்ளையின்ர படத்துக்கு எத்தினை பேர் லைக் போட்டது எண்டு நாள் முழுக்க எண்ணிக்கை ஏறும். தன்னை மற்றவையின்ர கண்ணால பார்க்கிற வயது அது. 2021இல் வெளியில வந்த இன்ஸ்ரகிராம் கம்பனியின்ர சொந்த ஆய்விலயே, தங்கட உடம்பை நினைச்சுக் கவலைப்பட்ட பெட்டையளில நூற்றுக்கு 32 பேர், இன்ஸ்ரகிராம் அந்தக் கவலையைக் கூட்டினதாகச் சொன்னவை. படத்தில வெள்ளையாக்கின முகத்தைப் பார்த்துப் பழகினால், கண்ணாடியில தெரியிற தன்ர முகம் பிடிக்காமல் போகும். அதுக்குப் போனை மட்டும் குற்றம் சொல்லாதேங்கோ. "வெய்யிலுக்கை நிக்காதை, கறுத்துப்போவாய்" எண்டு சொல்லி வளர்த்தது நாங்கள்தான்.

மற்றது சிநேகிதம். அறைக்கு ஒருத்தரையும் கூப்பிட ஏலாது. ஒவ்வொருமுறையும் சாட்டுச் சொல்லித் தட்டிக்கழிக்க, பள்ளிக்கூடப் பிள்ளையள் இவளுக்குத் தலைக்கனம் எண்டு நினைச்சிட்டினம். நாலைஞ்சு பேருக்கு மட்டும் தெரியிற இரண்டாவது கணக்கைக் கன பிள்ளையள் வைச்சிருக்கிறவை. அதில உண்மையான கவலையளையும் எழுதுவினம். அப்பிடி ஒண்டு இருந்தால் பதறாதேங்கோ. "நீ இருக்கிற இடம் தெரிஞ்ச சிநேகிதி ஆரும் இருக்கினமோ?" எண்டு மட்டும் கேளுங்கோ.

போனைப் பறிக்கவேண்டாம். ஊரில விட்டிட்டு வந்த சிநேகிதரும் அதுக்கைதான் இருக்கினம். ஆனால் ஹோட்டல் பேர், பள்ளிக்கூடச் சின்னம், நிக்கிற இடம் படத்தில தெரியக்கூடாது. ஆருக்குப் பயந்து வந்தனாங்கள் எண்டதை வயசுக்கேற்ற மாதிரி விளங்கப்படுத்துங்கோ. பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளின்ர கணக்கை வெளியாக்கள் பார்க்க ஏலாதபடி வைக்கிற ஏற்பாட்டை இன்ஸ்ரகிராம் 2024இல் இங்க தொடங்கினது. பிள்ளை வயதைக் கூட்டிக் குடுத்திருந்தால் அது வேலை செய்யாமல் போகலாம். நீங்களும் பிள்ளையைக் கேளாமல் அதின்ர படத்தை வட்ஸ்அப்பில போடாதேங்கோ.

வெட்கப்படுற படத்தைக் காட்டி ஆரும் வெருட்டினால், பிள்ளை சைல்ட்லைனுக்கு 0800 1111 எண்ட இலக்கத்தில இரவுபகல் எந்நேரமும் கதைக்கலாம். காசு இல்லை. அது தொண்டு அமைப்பின்ர சேவை, ஹோம் ஒபிஸ் இல்லை. படத்தை இணையத்திலயிருந்து எடுப்பிக்கவும் அவை உதவி செய்வினம்.

அந்த மகள் இப்ப சனிக்கிழமை பின்னேரங்களில தன்ர சிநேகிதியை எங்கட மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வாறா. இரண்டு பேரும் மூலையில இருந்து படிக்கினம், சிரிக்கினம். உங்கட பிள்ளையளும் வரலாம். முன்கூட்டிப் பதியத் தேவையில்லை.