வேரினுள்ளே உப்பு எங்கே தங்குகிறது?

(கல்முனைப் பகுதிக் கமக்காரர் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கடலோர வட்டைகளில் ஒரு பக்கம் பயிர் செழித்திருக்க, மறுபக்கம் இலைநுனி வெளுத்துக் கருகுவதை நீங்கள் அறிவீர்கள். அது உவரின் வேலை. 2004 டிசெம்பர் 26 இல் கடல் புகுந்த கரையில் உவரைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் சில நெல்லினங்கள் அதே மண்ணிற் பிழைப்பது எங்ஙனம்? வேரை எரித்துச் சாம்பலைச் சோதித்தால் அதிலுள்ள சோடியம், பொற்றாசியம் ஆகியவற்றின் அளவு தெரியும். அவை இருந்த இடம் தெரியாது. பலருடைய நெல்லை ஒரே சூட்டில் அடித்துவிட்டு, எது எவருடையது என்று கேட்பதைப் போன்றது அது. ஆகவே ஆராய்ச்சியாளர் உயிருள்ள வேரை நொடிப்பொழுதில் உறையச் செய்கின்றனர். கலச்சாறு அசையாது நின்றுவிடும். பின்னர் அதனைக் குறுக்கே வெட்டி, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து, புள்ளி புள்ளியாக இலத்திரன் கற்றையைப் பாய்ச்சுவர். ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய எக்ஸ் கதிரை வெளிவிடும். அதனை அளந்து, தலைமயிரினும் சிறிய கலத்தினுள்ளும் எது எங்கே உள்ளது என்று காண்கின்றனர்.

கலத்தின் நடுவே புன்வெற்றிடம் என்னும் சாற்றுப்பை உண்டு. சூழ இருப்பது குழியவுரு. வளர்ச்சிக்குரிய வேலை பெரும்பாலும் குழியவுருவில் நடைபெறும். அதற்குப் பொற்றாசியம் வேண்டும், மிகுந்த சோடியம் ஆகாது. உவரைத் தாங்கும் பயிர் சோடியத்தைச் சாற்றுப்பையில் அடைத்துவிடும். நெல்லுக்கு வேறொரு குறையும் உண்டு. உப்பின் ஒரு பகுதி கலங்களுக்குட் செல்லாமலே, கலச்சுவர்களின் வழியாக நழுவித் தண்டுக்கு ஏறிவிடுகிறது.

கேரளத்துப் பொக்காளி நெல், உப்பைத் தண்டுக்கு அதிகம் ஏறவிடாத இனம். அதன் வழியில் அம்பலாந்தோட்டையில் உருவாக்கப்பட்டதே ஏ.ரி. 354 என்னும் மூன்றரை மாத நெல். உவர் வயலுக்கு முதலில் அதனை நாடுங்கள்.

“யூரியா எறிந்தாற் போதும்” என்று பொற்றாசு உரத்தை மிச்சம் பிடிப்போர் நம்மிடையே பலர். உவர்நிலத்தில் அது வீண் சிக்கனம். சோடியத்தோடு போட்டியிட வேருக்குப் பொற்றாசியம் வேண்டும். அரைகுறையாக எரித்த உமியையும் இடுங்கள். அதிலுள்ள சிலிக்கா மேற்சொன்ன சுவர்வழியை ஓரளவு அடைக்கும். உமியை வீதியோரத்தில் எரித்து அயலாரைப் புகையால் வருத்துவதிலும் இது நன்று.

நல்ல நீர் கிடைக்கும்போது வயலை நிரப்பி வடித்து உப்பைக் கழுவுங்கள். இளநாற்றும் பூக்கும் பயிருமே உவருக்கு எளிதில் அஞ்சுவன. ஆதலால் அவ்வேளைகளில் வயலைக் காயவிடாதீர்கள். மேல்வயலின் வடிநீரை வேறு வழியின்றேல் மட்டும் பாய்ச்சுங்கள். விதைப்புக்கு முன்னரே கருகிய இடத்து மண்ணையும் செழித்த இடத்து மண்ணையும் வெவ்வேறு பைகளிற் கொண்டுவாருங்கள். அவற்றின் உவர்த்தன்மையை அளந்து பார்ப்போம்.